ஆற்றங்கரைப் பொந்துகளும் ஒரு பழைய பட்டியலும்

மாஸா, 3 நவம்பர் 2006

ஸி புஜ்மா அவர்களுக்கு,

பன்னிரண்டு ஆண்டுகள் உங்களிடம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும் என்று தோன்றுகிறது.

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பதை என் தங்கை இஜ்ஜா மாதம் ஒருமுறை தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள். உங்களிடம் நான் தொலைபேசியில் பேசப்போவதில்லை. பேசியதை மறுக்கலாம். எழுதியது நிற்கும்.

வட்டார அதிகாரி காயித்தின் அலுவலக வாசலில் போன வாரம் ஓர் அறிக்கையை ஒட்டினார்கள். மாஸா ஆறு எங்கள் பள்ளிக்குக் கிழக்கே வளைகிற இடத்தில், மூன்று ஆள் உயர மண்கரையை டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் வெட்டி, மணலைப் புதிய பாலத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். கரையில் உள்ள பொந்துகளைப் பற்றி அதில் மூன்று வரி இருக்கிறது. "மணல் தகைவிலானின் கூடுகள். கோடையில் மட்டும் வரும் பறவை. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பொந்துகள் காலியாக இருக்கும். அக்காலத்தில் வேலை செய்யத் தடையில்லை." கீழே ஆதாரம்: 1994ஆம் ஆண்டின் தகைவிலான் பட்டியல். எழுதியவர், நீங்கள். அறிக்கையை எழுதிய ஆலோசகரும் நீங்களே. உங்களுக்கு நீங்களே சாட்சி.

அது மணல் தகைவிலான் அல்ல. மணல் தகைவிலானுக்கு வெள்ளை மார்பில் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை இருக்கும். தூரத்திலிருந்தே தெரியும். அது இந்த ஆற்றை மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும் கடந்து போகிற வழிப்போக்கன். கரையில் குடியிருப்பது பழுப்புத்தொண்டைத் தகைவிலான். உருவத்தில் அதைவிடச் சின்னது. பட்டை கிடையாது, தொண்டையிலிருந்து மார்புவரை அழுக்குத் துணியின் நிறம். அது எங்கும் போவதில்லை. மற்ற தகைவிலான்கள் ஊரைக் காலி செய்யும் பருவத்தில்தான் இது முட்டை வைக்கத் தொடங்கும். நீங்கள் "காலி" என்று எழுதியிருக்கும் ஐந்து மாதங்களில்தான் அந்தப் பொந்துகளில் குஞ்சுகள் இருக்கும்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் நடந்தவன் நான். தாள்களை உங்கள் கையில் கொடுத்தேன், நீங்கள் ரபாத்துக்குக் கொண்டுபோய் அச்சிட்டீர்கள். அச்சில் வந்தபோது என் பெயர் இல்லை. பறவையின் பெயரும் மாறியிருந்தது.

இரண்டு காரியம் கேட்கிறேன். அறிக்கையைத் திருத்துங்கள். அந்தப் பட்டியல் யாருடையது என்று பறவைச் சங்க இதழில் என் பெயரோடு எழுதுங்கள். இரண்டும் இந்த மாதத்துக்குள் நடக்க வேண்டும். கரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள்.

பெலயித் உ-ஹமு
இயற்கை அறிவியல் ஆசிரியர், மாஸா இடைநிலைப் பள்ளி


ரபாத், 9 நவம்பர் 2006

மச்சானுக்கு, ஸலாம்.

"ஸி புஜ்மா அவர்களுக்கு" என்று படித்ததும் வரிக் கச்சேரியிலிருந்து வந்த கடிதமோ என்று பயந்துவிட்டேன். இஜ்ஜாவிடம் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என்னைக் குற்றம் சொல்லாதீர்கள்: "எங்கண்ணன் குருவிக்காக ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ரெண்டு வரி வரல. அந்தக் குருவி எந்தப் பொந்துல இருக்குன்னு கேளுங்க, நானும் அங்கயே போய் இருந்துக்கறேன்."

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். என் ஆட்கள் ஜூலை கடைசியில் அந்த வளைவுக்குப் போனார்கள். எல்லாப் பொந்தும் காலி; கூட்டுப் பருவம் முடிந்து கிளம்பிவிட்டன என்று வைத்துக்கொண்டோம். சுற்றி ஒரு பறவைகூட இல்லை. காலிப் பொந்தைப் பார்த்து உள்ளே இருந்தது யார் என்று எவராலும் சொல்ல முடியாது. கையில் ஒரு பட்டியல் இருந்தது, அதை எடுத்துப் போட்டோம். எல்லா அலுவலகத்திலும் இப்படித்தான் செய்வார்கள்.

உங்கள் பெயர் இங்கே ஒரு விதத்தில் பிரபலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்கு என்னைப் பற்றி நான்கு மனுக்கள் போட்டிருக்கிறீர்கள். அவற்றின் நகல்கள் அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலும் இருக்கின்றன. அங்கே ஒரு பச்சைக் கோப்பின் முதுகில் "உ-ஹமு" என்று எழுதியிருப்பதை நானே பார்த்தேன். ஐந்தாவதாக ஒன்று போட்டால் நேராக அந்தப் பச்சைக் கோப்புக்குள் போகும். ஆட்சேபணைகளை விசாரிக்கும் குழு அடுத்து பிப்ரவரியில்தான் கூடுகிறது.

பழைய பட்டியலைப் பற்றி இப்போது எழுத எனக்கு மனமில்லை. வேறொன்று கேட்கிறேன். இந்த நவம்பரில் கரையில் எதையாவது கண்ணால் பார்த்தீர்களா? எத்தனை பொந்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு? நீங்கள் சரியாக இருக்கலாம். ஆனால் கோபம் ஓர் அவதானிப்பு ஆகாது. இது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

புஜ்மா

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இஜ்ஜா அம்லு கேட்கிறாள். இங்கே கடையில் விற்பதில் பாதாம் இல்லை, நிலக்கடலைதான்.


மாஸா, 15 நவம்பர் 2006

ஸி புஜ்மா அவர்களுக்கு,

கேட்டதை எழுதுகிறேன். 12, 13, 14 தேதிகளில், பள்ளிக்குப் போகும் முன் ஏழிலிருந்து எட்டரை வரை எதிர்க்கரை நாணல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். கரையில் மொத்தம் அறுபத்து நான்கு பொந்துகள். இருபத்து மூன்றில் பறவை உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்தேன். ஒன்பதில் வாய் நிறைய பூச்சியோடு போய் வெறும் வாயோடு திரும்பின. பூச்சியைப் பொந்துக்குள் யாரும் சேமித்து வைப்பதில்லை. உள்ளே வாய்கள் இருக்கின்றன. மூன்று நாளும் மார்புப் பட்டையோடு ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை.

உங்கள் ஆட்களுக்குக் கரை தெரியாது என்பதால் மற்றதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த முறை யாராவது ஒரு தாளை எடுத்துப் போடும்போது உதவும்.

வால் நீண்டு பிளந்து, தொண்டை துருச் சிவப்பாக இருப்பது நம் ஊர்க்காரர்கள் ஹாஜி என்று சொல்கிற தகைவிலான். ஜனவரி கடைசியில் வருகிறது. மாட்டுக் கொட்டகை, மெக்கானிக் கடை, பள்ளியின் சைக்கிள் கொட்டகை, எங்கே கூரையும் திறந்த கதவும் இருக்கிறதோ அங்கே. இடுப்பு செங்கல் நிறமாக இருந்தால் செம்பிட்டத் தகைவிலான். திஸ்னித் சாலையின் மதகுகளுக்கு அடியில், கழுத்து நீண்ட குடுவையைப் படுக்க வைத்தது போல மண்ணால் கூடு கட்டும். இடுப்பு சுத்த வெள்ளையாக இருந்தால் மாடத் தகைவிலான். அது உயரம் தேடும். காயித் அலுவலக மாடி விளிம்பில் பதினொரு கூடு, உங்கள் அறிக்கை ஒட்டப்பட்ட சுவருக்கு நேர் மேலே. பாறைத் தகைவிலான் கனத்த உடல், சாம்பல் கலந்த பழுப்பு, வாலை விரித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும்; அணைக்குப் பக்கத்துப் பாறைகளில் இருக்கிறது, குளிர் அதிகமானால் ஆற்றோரம் இறங்கும். கரைக்கு உரிமைக்காரன் யார் என்று முன்பே எழுதிவிட்டேன்.

நேற்று மேஸ்திரி பிஹியைப் பார்த்தேன். வெட்டு வேலை அவன் பொறுப்பு. கெட்டவன் அல்ல. போன ஆண்டு ஒரு மதகை இடிக்கும்போது உள்ளே ஹாஜியின் கூடு இருந்தது என்று குஞ்சு பறக்கும்வரை பதினெட்டு நாள் வேலையை நிறுத்தியவன். அதை நினைவுபடுத்தினேன்.

"அது வேற வாத்தியாரே," என்றான். "அது மக்காவுக்குப் போயிட்டு வர்ற குருவி. அது கூட்டுல கைய வச்சா வீடு உருப்படுமா? இது எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கு. அதனாலதான் சொல்றேன், இப்ப உள்ள குஞ்சு இருக்கு."

"ஹஜ்ஜுக்குப் போகாததுக்கெல்லாம் வேலைய நிறுத்தினா, நான் முதல்ல உங்க வீட்டுப் பக்கம் ரோடு போட முடியாது," என்று சொல்லி அவன் ஆட்களைப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. இந்த ஊரில் போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான் மரியாதை. அது பறவையோடு நிற்பதில்லை. நீங்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஈத் பெருநாளுக்குக் காரில் வந்து இறங்கும்போது தெருவே எழுந்து நிற்கிறது.

பழைய பட்டியலைப் பற்றி எழுத மனமில்லை என்கிறீர்கள். எனக்கு மனமிருக்கிறது. தாளில் "பழுப்புத்தொண்டை" என்று எழுதிக் கொடுத்தேன். நீங்கள் "மணல்" என்று மாற்றினீர்கள். குளிர்காலத்தில் கூடு கட்டும் தகைவிலான் என்று எழுதினால் ரபாத்தில் சிரிப்பார்கள் என்று பயந்திருப்பீர்கள். அந்த ஒரு சொல்தான் இன்று கரையை வெட்டுகிறது. என் இரண்டு கோரிக்கைகளும் அப்படியே இருக்கின்றன.

பெலயித் உ-ஹமு
இயற்கை அறிவியல் ஆசிரியர்


ரபாத், 20 நவம்பர் 2006

மச்சானுக்கு,

இத்துடன் ஒரு நகல் வைத்திருக்கிறேன். கடிதத்தைப் படிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் தாள். 2 அக்டோபர் 1993, காலை 7.10, கிழக்கு வளைவு. உங்கள் கையெழுத்து, அடியில் உங்கள் முழுப் பெயர், வழக்கம்போல இரண்டு கோடு. மூன்றாவது வரியைப் பாருங்கள். "மணல் தகைவிலான், சுமார் நாற்பது. மார்புப் பட்டை தெளிவு. கரைப் பொந்துகள் இவற்றுடையவை. கிளம்பும் தறுவாயில்."

நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. உங்கள் பெயரை எடுத்தது நான். பறவையின் பெயரை எழுதியது நீங்கள்.

முதல் பாதிக்குக் காரணம் சொல்ல வேண்டும். அப்போது இந்த வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். தனியாகச் செய்த ஆய்வு ஒன்று காட்டச் சொன்னார்கள். என்னிடம் எதுவும் இல்லை, உங்கள் தாள்கள் இருந்தன. வேலை கிடைத்ததும் அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்று நினைத்தேன். கிடைத்த பிறகு போட முடியவில்லை. போட்டால் வேலை போயிருக்கும். இதற்கு மேல் அலங்காரமாக எழுதத் தெரியவில்லை. இஜ்ஜாவுக்கு இது தெரியும். திருமணமான இரண்டாம் வாரமே சொல்லிவிட்டேன். "எங்கண்ணன்கிட்ட சொல்லாதீங்க, அவருக்குக் கோவப்பட ஒரு காரணம் வேணும், இதுவே இருக்கட்டும்" என்றாள்.

இரண்டாம் பாதி. உங்கள் நான்கு மனுக்களையும் நேற்று வாங்கிப் படித்தேன். 1995, 1997, 2000, 2003. நான்கிலும் உங்கள் பெயர் விடுபட்டதைப் பற்றி இருக்கிறது. பறவையின் பெயர் தப்பு என்று நான்கிலும் ஒரு வரி இல்லை. அது மணல் தகைவிலான் இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும் மச்சான்?

பதில் எழுத வேண்டியதில்லை. வேறு வேலை இருக்கிறது.

அறிக்கை எழுதியவரே தன் தப்பைத் திருத்தினால் குழு, விசாரணை எதுவும் வேண்டாம். திருத்தம் வந்த அன்றே பழைய அனுமதி நின்றுவிடும், புதிதாகத்தான் கேட்க வேண்டும். கடைசி நாள் நவம்பர் 30. இப்படி ஒரு திருத்தம் போட்ட ஆலோசகருக்கு அதற்குப் பிறகு யார் வேலை கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. அது என் தலைவலி. போடுகிறேன்.

ஆனால் திருத்தம் என்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும். உங்கள் பெயர் ஓர் ஓரத்தில் வந்தாலும், ஒப்பந்தக்காரரின் வக்கீல் பச்சைக் கோப்பை எடுத்து மேஜையில் வைப்பார். மைத்துனர்கள் சண்டை என்பார். பிப்ரவரிக்குப் போய்விடும். இரண்டு பக்கக் குறிப்பு வேண்டும்: பொந்துக் கணக்கு, தேதி, நேரம், எப்படி அடையாளம் கண்டது. தட்டெழுதி அலுவலக முகவரிக்கே அனுப்புங்கள். இங்கே வரும் ஒவ்வொரு உறையையும் திறந்து தேதி முத்திரை குத்திக் கோப்பில் வைப்பார்கள். அந்த முத்திரை வேண்டும்.

சங்க இதழில் உங்கள் பெயரை எழுதும் பேச்சு இந்த ஆண்டு முடியாது. அடுத்த ஆண்டும் முடியாது. கரை பற்றிய குறிப்பு என் பெயரில் போன பிறகு, அது எப்போதும் என் பெயரில்தான் இருக்கும். பொய் சொல்ல விரும்பவில்லை. அந்தக் கரையைக் கண்டுபிடித்தவர் என்று அச்சில் நிற்கப்போவது மறுபடியும் நான்தான்.

முடிவு உங்களுடையது. 28க்குள் வந்தால் நேரம் இருக்கிறது.

புஜ்மா


மாஸா, 24 நவம்பர் 2006

புஜ்மா,

இதை வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். கோப்பில் வைக்க வேண்டாம்.

நகலைப் பார்த்தேன். அது என் கையெழுத்துதான். குறிப்பேடுகளைப் பரணிலிருந்து இறக்கி அந்த நாளைத் தேடினேன். கரைக்கு மேலே அப்போது ஒரு மின்கம்பி போயிற்று. அதில் நாற்பது பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, எல்லாவற்றுக்கும் மார்பில் பட்டை. கீழே பொந்துகள். கம்பியில் இருப்பவர்களே வீட்டுக்காரர்கள் என்று எழுதிவிட்டேன். அவை தெற்கே போகும் வழியில் ஒரு காலை இளைப்பாற உட்கார்ந்தவை. வீட்டுக்காரர்கள் பொந்துக்குள் இருந்திருப்பார்கள், அல்லது மேலே நாணல் பக்கம் போயிருப்பார்கள். பொந்துக்குள் எது நுழைகிறது என்று பார்க்காமல் பொந்துக்குச் சொந்தக்காரன் பெயரை எழுதக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். 1995 ஜனவரி 12. குறிப்பேட்டில் பென்சிலால் இருக்கிறது. அன்று ஒரு பொந்தின் வாயில் மூன்று குஞ்சுகள் தலை நீட்டின. தாய்க்குப் பட்டை இல்லை. அதற்குள் பட்டியல் அச்சாகி ஓர் ஆண்டு ஆகிவிட்டது, உங்கள் பெயரில். சங்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். அந்தத் தப்பு உங்கள் பெயரோடு இருக்கிறது, அப்படியே இருக்கட்டும் என்று எழுந்துவிட்டேன். என்றைக்காவது வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து, கரையைப் பார்த்து, பட்டியலைப் பார்த்து, இதை எழுதிய முட்டாள் யார் என்று கேட்பார். அதற்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. நீங்கள்தான் மாற்றினீர்கள் என்று எப்போதிலிருந்து நம்பத் தொடங்கினேன் என்பது நினைவில் இல்லை. பொய்யாக எழுதவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். போன வாரம் எழுதியபோது அப்படித்தான் நடந்தது என்று நம்பினேன்.

இதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடவில்லை. உங்களை மன்னிக்க இந்தக் கடிதம் எழுதவில்லை. அந்த எண்ணம் இஜ்ஜாவுக்கு வந்தால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நேற்றும் எதிர்க்கரையில் இருந்தேன். பிஹி தானே நடந்து வந்து பக்கத்தில் குந்தினான். தொலைநோக்கியைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு," என்றான்.

"எத்தனைன்னு சொல்லு."

"மூணு. இல்ல, பின்னாடி ஒண்ணு இருக்கு. நாலு." கருவியைத் திருப்பிக் கொடுத்தான். "பத்து நாளா பாக்குறேன் வாத்தியாரே, நீங்க சொன்ன மாதிரி இதுங்க நகரவே இல்ல."

"அப்ப நிறுத்து."

"நான் எப்படி நிறுத்துறது? ஹாஜின்னா ஒரு வார்த்தை சொன்னா போதும், ஆளுங்களே மண்வெட்டிய வச்சிருவானுங்க. இதுக்கு மேலருந்து தாள் வரணும். தாள் வந்தா வண்டிய அன்னிக்கே திருப்பிடறேன்."

"தாள் நான் தர்றேன்."

"உங்க தாளா?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது. "காயித் ஆபீஸ்ல உங்க தாள வாங்கி டீ கிளாஸுக்கு அடியில வைக்கிறாங்க. நானே பாத்தேன். வேற யார் தாளாவது கொண்டாங்க."

குறிப்பை நேற்று மாலை பள்ளித் தட்டெழுத்து இயந்திரத்தில் அடித்தேன். அறுபத்து நான்கு பொந்து, இருபத்து ஏழில் நடமாட்டம், பதினான்கில் குஞ்சு, ஐந்து நாள் அவதானிப்பு. அடையாளம் காணும் முறை அரைப் பக்கம். எல்லாவற்றையும் "பார்க்கப்பட்டது", "எண்ணப்பட்டது" என்றே எழுதியிருக்கிறேன். யார் பார்த்தார் என்று எங்கும் இல்லை. ஜூலையில் பொந்துகள் காலியாக இருந்ததும் அதில் இருக்கிறது. அது தப்பில்லை. குஞ்சுகள் வளர்ந்த பின் கோடையில் அவை ஆற்றோடு சிதறிவிடும். உங்கள் ஆட்கள் பார்த்தது உண்மைதான், அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு. அப்படி எழுதினால் உங்கள் பக்கம் கொஞ்சம் தாங்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பக்கம் முடிந்ததும் கை தானாகப் போய் அடியில் பெயரையும் தேதியையும் அடித்து, பேனாவால் இரண்டு கோடும் போட்டுவிட்டது. முப்பது ஆண்டுப் பழக்கம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்தேன். இந்த முறை கடைசி வரிக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்து பெரிது என்று நினைவு.

நான் முதலில் கேட்ட இரண்டில் ஒன்று நடந்தால் போதும். மற்றதை இனி கேட்கமாட்டேன். பட்டியலின் அடுத்த பதிப்பு வந்தால், செம்பிட்டத் தகைவிலானின் மதகு எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாலையை அகலப்படுத்தியபோது மாறிவிட்டன.

அம்லு ஒரு புட்டி அகாதிர் பேருந்தில் வருகிறது. பாதாம்தான். நடத்துநரிடம் இஜ்ஜாவின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

தபால் பை நான்கு மணிக்குக் கட்டுகிறார்கள். இப்போது மூன்று இருபது. உங்கள் அலுவலகத்துக்கு ஓர் உறை, வீட்டுக்கு இந்த உறை. என் கையெழுத்துள்ள தாள் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது போதும். இரண்டு உறைகளையும் கையெழுத்துப் போடாமலேயே பெட்டியில் போடப்போகிறேன்.